புஷ்பவள்ளியின் முதல் இன்ஜின்

புஷ்பவள்ளிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் "தெரியும்" என்று சொல்லிவிடுவாள். அது என்னவென்று அப்புறம் என் கடைக்கு வந்து விசாரிப்பாள்.

நான் ஹனிபா. காரைக்குடி ரயில்வே ரோட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எதிரே தகரக் கூரை போட்ட லேத் பட்டறை அவளுடையது. பல வருஷமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். ரோட்டில் வண்டி போகாத நேரத்தில் அவள் பேசுவது என் கல்லாவரை கேட்கும். வண்டி போனாலும் கேட்கிறது என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள்.

நெற்குப்பையில் தச்சு ஆசாரி வீட்டுப் பெண். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தாள். அந்த வகுப்பில் வேறு பெண் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சில வருஷம் லேத் ஓட்டினாள். பிறகு கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தாள். புருஷன் சரவணக்குமார் கல்யாணச் சமையல் மாஸ்டர். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கே விருந்தாளி மாதிரிதான் வந்து போவார். தங்கமான மனுஷர். வீட்டில் மட்டும் கரண்டியைத் தொடமாட்டார்.

இரும்பில் எதைச் செய்வதானாலும் புஷ்பவள்ளி முதலில் அதை மரத்தில் செய்து பார்ப்பாள். ஒரு மோட்டாரைத் தாங்குகிற பிராக்கெட் வேண்டுமென்றால் வேப்பம் பலகையில் ஒன்றைச் செதுக்குவாள். பொருத்திப் பார்ப்பாள், தலையைச் சாய்த்து அதை முறைப்பாள், மறுபடி இழைப்பாள். அதற்கப்புறம்தான் இரும்பு. "மரத்துல தப்பு பண்ணினா அடுப்புக்காவது ஆகும்ணே, இரும்புல பண்ணினா என்ன பண்ணச் சொல்றீக?" என்பாள். ஊரில் லேத் பட்டறைக்குள் மரத்தூள் கிடப்பது அவளிடம் மட்டும்தான்.

அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஊரிலுள்ள மெக்கானிக்குகள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். வால்வு கைடா, புஷ்ஷா, ஸ்லீவா, எல்லாம் அவள் கடைந்து கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்ஜினுக்குள் போகிற சாமான் அத்தனையும் அவள் கையில் பிறந்தவை. ஒரு இன்ஜின்கூட அவள் கையில் உயிர் பெற்றதில்லை. "ஒரு இன்ஜின முழுசா என்கிட்ட விட்டுப் பாருங்கப்பா" என்று கேட்காத ஆளில்லை. "நீ கடைசல் பாரு புஷ்பம், இது மோட்டார் வேலை" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். அவளும் சிரிப்பாள். அன்றைக்கு லேத் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கத்தும்.

அப்படி இருந்தவளிடம்தான் தேனம்மை ஆச்சியின் கார் வந்து சேர்ந்தது.

அது 1952-ஆம் வருஷத்து எம்.ஜி. இங்கிலாந்து வண்டி. பச்சை நிறம், மேல்மூடி கிடையாது, இரண்டே இருக்கை. ஆச்சியின் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கி, கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஆச்சியின் கணவர், தவறிப்போய் மூன்று வருஷமாகிறது. இளையவர் அழகுசுந்தரம் செட்டியார். காரைப் பாதியாக அறுக்க முடியாதல்லவா? அதனால் கோயில் காரியத்துக்கு முறை வைப்பது போல இதற்கும் முறை வைத்துவிட்டார்கள். சித்திரை பிறந்தால் ஒரு வீடு, அடுத்த சித்திரைக்கு மறு வீடு. நடப்பது ஆச்சியின் முறை.

ஆச்சிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். தானே ஓட்டுவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்கு அந்தக் காரில் அவர் போகிற அழகை நின்று பார்க்காதவர்கள் இந்த ஊரில் கிடையாது. வண்டி சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மேடு கண்டால் மூச்சு வாங்கும். ரயில்வே மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது, பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிப்பான். ஒருநாள் தண்ணீர் டிராக்டரே அடித்துவிட்டது. ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. நேராகப் புஷ்பவள்ளியிடம் வந்தார். முன்பு ஒருமுறை அந்தக் காருக்கு அவள் ஒரு புஷ் கடைந்து கொடுத்திருந்தாள்.

"புஷ்பம், சூப்பர்சார்ஜர் மாட்டத் தெரியுமா? மதுரையிலயும் கோயம்புத்தூர்லயும் கேட்டுட்டேன். பழைய வண்டிய தொடமாட்டோம்ங்குறாக."

"தெரியும் ஆச்சி" என்றாள் புஷ்பவள்ளி.

ஆச்சியின் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், ரோட்டைத் தாண்டி என் கடைக்கு ஓடிவந்தாள். "ஹனிபா அண்ணே, சூப்பர்சார்ஜர்னா என்னண்ணே?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பெட்டி ஸ்பார்க் பிளக்கைத் தூக்கி எறிந்திருப்பேன். அடக்கிக்கொண்டு சொன்னேன். இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக் குடிக்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது பெல்ட்டில் சுற்றுகிற ஒரு ஊதி. காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து இன்ஜினுக்குள் திணிக்கும். கல்யாணப் பந்தியில் நாம் போதும் போதும் என்றாலும் இலையில் போட்டுக்கொண்டே போவார்களே, அதுபோல. கூடத் தின்றால் கூட வேலை செய்யும்.

"அம்புட்டுத்தானே?" என்றாள். அம்புட்டுத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. முதல்முறையாக ஒரு முழு இன்ஜின் அவள் பட்டறைக்குள் வரப்போகிறது.

கார் இரு வீட்டுச் சொத்து என்பதால் கொழுந்தனாரின் சம்மதம் வேண்டும். அழகுசுந்தரம் செட்டியார் பெரிய வீட்டில் தன் பங்கை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டலாக்கியிருந்தார். காரை அங்கே வளவு என்கிற உள்முற்றத்தில் தூண்களுக்கு நடுவே நிறுத்திவிட வேண்டும், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆச்சி வீட்டில் பேச்சு நடந்தது. புஷ்பவள்ளியும் நானும் ஓரமாக நின்றோம்.

அண்ணன் மனைவியை அண்ணமிண்டி என்று அழைப்பது அவர்கள் வழக்கம். "அண்ணமிண்டி, பழைய சாமான் எதையும் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது. நாளைக்கே கழட்டுனா முன்ன இருந்த மாதிரி இருக்கணும். அது ஒண்ணு" என்றார் செட்டியார். "இன்னொண்ணு, உங்க முறை முடியிறதுக்குள்ள இது ரெண்டு பேரோட சிறுமலை உச்சிக்கு நிக்காம ஏறணும். ஏறுச்சுன்னா காலத்துக்கும் ரோட்டுல ஓடட்டும், நான் வாயத் தொறக்கல. ஏறலைன்னா சித்திரையில வண்டி என் வளவுக்கு வந்துரும். அதுக்கப்புறம் சாவி போடப்படாது."

திண்டுக்கல் பக்கத்திலிருக்கும் சிறுமலையை அவர் சும்மா சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஆச்சியும் அவர் கணவரும் போனபோது நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி படுத்து, வாழைக்காய் லாரியில் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள்.

"சரி தம்பி" என்று ஆச்சி சொல்வதற்குள் புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள். "ஏறும் ஐயா."

செட்டியார் அவளை அப்போதுதான் பார்த்தார். "நீ கடைசல் பட்டறை புள்ளைதானே?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து, ஜப்பான்காரனுடைய குட்டிக் கார் ஒன்றில் இருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரை நான் வரவழைத்துக் கொடுத்தேன். தேங்காய் அளவுதான் இருந்தது. உள்ளே இரண்டு அலுமினிய உருளைகள் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் தொடுகிற மாதிரி நெருங்கிச் சுற்றும். இடையில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி.

அப்புறம் பட்டறை முழுக்க மரத்தூள்தான். எதையும் வெட்டாமல், இருக்கிற போல்ட்டுகளிலேயே எல்லாவற்றையும் உட்கார வைக்க வேண்டும். பிராக்கெட்டை வேப்பம் பலகையில் செய்தாள், சரியில்லை. மறுபடி செய்தாள், ரேடியேட்டர் இடித்தது. சூப்பர்சார்ஜரிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாயைக்கூடக் கட்டையில் குடைந்து பார்த்தாள். அடுப்புக்கு ஒரு மாதத்துக்கான விறகு சேர்ந்தது. யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் பேசுவதை ஒலியை அடைத்துவிட்டு, கையை மட்டும் பார்ப்பாள். "பேச்சு குழப்புதுண்ணே. கை பொய் சொல்லாது" என்றாள். பழைய இரண்டு கார்புரேட்டரையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதில் பெரிதாக ஒன்றை சூப்பர்சார்ஜரின் தலையில் மாட்டினாள். பெல்ட்டு நேராக ஓட வேண்டும் என்பதற்காக ஒரே புல்லியைத் திரும்பத் திரும்பக் கடைந்தாள். மாசி போய்ப் பங்குனி பாதி ஆகிவிட்டது.

முதல்முறை இன்ஜினைக் கிளப்பும் நாளுக்கு அவள் நல்ல நேரம் பார்த்தாள். அங்கேதான் வினை.

கோயில் வாகனம் செய்கிற ஆசாரிகள் குதிரைக்கும் யாளிக்கும் எல்லா வேலையும் முடிந்து கடைசியில்தான் கண் திறப்பார்கள். அதைச் செய்தவரே திறக்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் அட்சதை போட வேண்டும். புஷ்பவள்ளிக்கு இதுவும் வாகனம்தானே. எது இதற்குக் கண் என்று யோசித்திருக்கிறாள். கார்புரேட்டர் காற்று இழுக்கிற வாய்தான் கண் என்று முடிவு செய்து, அதை மூடியிருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மஞ்சள் துணியைக் கட்டி வைத்தாள். பானட்டுக்குச் சந்தனம், குங்குமம். தாம்பாளத்தில் மஞ்சள் அரிசியைப் பிசைந்து அவளே எல்லோருக்கும் நீட்டினாள். ஆச்சி ஒரு பிடி எடுத்துக்கொண்டார். அழகுசுந்தரம் செட்டியாரும் மரியாதைக்கு நாலு அரிசி எடுத்துக்கொண்டார். நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துணியை உருவினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கூடவே ஊய் என்று ஒரு புதுச் சத்தம். அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, சத்தம் ஏறியது. அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும், பிள்ளை பெற்றவள் முகம்.

"நல்லா இருக்கணும்" என்று ஆச்சி முதல் பிடியைப் போட்டார். எல்லோரும் போட்டார்கள். பானட் திறந்து கிடக்கிறது, வாயும் திறந்து கிடக்கிறது. இழுப்பதற்கென்றே செய்த கருவி அது, மஞ்சள் அரிசி என்று பார்க்குமா? சடசடவென்று உள்ளே போனது. கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் டக். பெல்ட் கீச்சிட்டுப் புகைந்தது. ரப்பர் கருகும் நாற்றத்துக்கு நடுவில் அவள் சாவியைத் திருப்பி நிறுத்தினாள்.

"யாரு அரிசியப் போடச் சொன்னது?" என்று கத்தினாள். தாம்பாளம் அவள் மடியில்தான் இருந்தது.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. செட்டியார் கையைத் தட்டிக்கொண்டார். "பொம்மைக்குக் கண்ணு தொறக்குற மாதிரி இன்ஜினுக்கும் தொறக்கப் போனா இப்படித்தான். அண்ணமிண்டி, சித்திரைக்கு நான் ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பட்டறை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கதவு ஒருக்களித்தே கிடந்தது. டீயை வாங்கிக்கொண்டு போனேன். லேத் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் சொன்னது சரிதாண்ணே. நான் கடைசலே பாக்குறேன். எனக்கு ஒரு இன்ஜின் கெடைச்சுச்சு, அதுக்கு நான் அரிசி போட்டுக் கொன்னுட்டேன்."

"கொன்னியா இல்லையான்னு தொறந்து பாத்தியா?"

"எதுக்கு? அந்தக் கண்றாவிய வேற பாக்கணுமா?"

"பாக்காமலே எழவு கொட்டாத. காசு குடுத்து வாங்கிக் குடுத்தவன் நான். நான் பாக்கணும், கழட்டு" என்றேன். நிஜமாகவே கோபம்தான். இவ்வளவு மரத்தை இழைத்தவள் ஒரு பிடி அரிசிக்கு உட்கார்ந்துவிடுவதா?

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். மூடியைத் திறந்ததும் மஞ்சள் மாவு கொட்டியது. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவள் டார்ச் கேட்டாள். பிறகு ஊசியால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கடுகளவு கல்.

"அரிசிய மாவாக்கித் தள்ளிருச்சுண்ணே! அரிசி ஒண்ணும் பண்ணல. அரிசியில கெடந்த கல்லுதான் மாட்டிக்கிருச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. "அரிசிய நான் பொடைக்காம எடுத்தாந்துட்டேண்ணே."

ஓர் உருளையின் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு வெட்டு. அதை எண்ணெய்க் கல்லால் மெல்லத் தேய்த்துச் சமமாக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இடைவெளி கூடிவிடும், காற்று ஒழுகும், திணிக்கிற வேகம் குறையும். வேறு சூப்பர்சார்ஜர் வரவழைக்கச் சித்திரை தாண்டிவிடும். என்னையும் கூட்டிக்கொண்டு ஆச்சியிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள்.

"மொதப் பிடி நான் போட்டது" என்றார் ஆச்சி. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுதுகிட்டு இருக்க நேரமில்ல. சரி பண்ண முடியுமா?"

வழக்கமான "தெரியும்" வரவில்லை. "பாக்குறேன் ஆச்சி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஒழுகுகிற காற்றை ஈடுகட்ட ஊதியை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும். அதற்கு அதன் புல்லி சின்னதாக வேண்டும். ரொம்பச் சின்னதானால் பெல்ட் வழுக்கும், சூடும் ஏறும். மறுபடி கட்டை, மறுபடி மரத்தூள். இந்தமுறை கிளப்பும்போது சந்தனமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நானும் அவளும் மட்டும் நின்றோம். ஊய் என்றது. நிற்காமல் ஊய் என்றது.

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சிறுமலைக்குக் கிளம்பினோம். எம்.ஜி.யில் ஆச்சி ஓட்ட, பக்கத்து இருக்கையில் செட்டியார். சாட்சிக்கு அவரே வருவதுதான் நியாயம் என்று ஆச்சி சொல்லிவிட்டார். பின்னால் என் பழைய ஆம்னியில் புஷ்பவள்ளியும் நானும். நத்தம் வரைக்கும் அவள் முன்னால் போகிற காரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

மலைப் பாதை தொடங்கியது. நாலாவது வளைவு வந்தது. எம்.ஜி. அதை மதிக்கவே இல்லை. சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, வளைந்து, மேலே போய் மறைந்துவிட்டது. என் ஆம்னிதான் திணறியது. வளைவுக்கு வளைவு மேலேயிருந்து அந்த ஊய் மட்டும் கேட்டது. "கேக்குதாண்ணே? கேக்குதா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஓட்டுகிறவனை உலுக்கக் கூடாது என்று திட்டினேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். திடீரென்று சத்தம் நின்றுபோனது.

வண்டியை ஓரம் கட்டிக் காது கொடுத்துக் கேட்டோம். காற்றும் குரங்குச் சத்தமும்தான். "போச்சுண்ணே" என்றாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆம்னியை விரட்டினேன். அடுத்த வளைவைத் தாண்டியதும் பார்த்தோம், எம்.ஜி. ஓரமாக நிற்கிறது. என் வண்டி நிற்குமுன்பே அவள் குதித்து ஓடினாள்.

பானட் மூடித்தான் இருந்தது. புகை இல்லை. அழகுசுந்தரம் செட்டியார் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆச்சி இறங்க மறுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணமிண்டி, கொஞ்சம் தள்ளுங்க. மிச்சத்த நான் ஓட்டுறேன்."

"நிக்காம ஏறணும்னு சொன்னது யாரு? நீதான இப்ப நிறுத்தச் சொன்ன?"

"வண்டி நிக்கலயே, நான்தான நிறுத்தச் சொன்னேன். சும்மா தள்ளுங்க. இத வாங்கியாந்த அப்பச்சி ஓட்டுறப்பகூட இது இப்படி ஏறினதில்ல." அறுபதை நெருங்குகிற மனுஷர், திருவிழாவில் ராட்டினத்துக்குப் பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையாக நின்றார். புஷ்பவள்ளி ரோட்டோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிச்ச வளைவுகளைச் செட்டியார்தான் ஓட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சியில் டீக்கடை வாசலில் கார் நின்றது, சுற்றிலும் கூட்டம். அதே இடத்தில் பலாப்பழம் ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அதன் டிரைவர், இளவட்டம், கையைப் பிசைந்துகொண்டு எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இங்குட்டு யாருக்காச்சும் இன்ஜின் வேலை தெரியுமாங்க?"

புஷ்பவள்ளி வாயைத் திறப்பதற்குள் செட்டியார் டீ கிளாஸை வைத்துவிட்டு அவளைக் காட்டினார். "இந்தா, இவுகளக் கூப்பிடு. என் வண்டிய ஏத்துனது இவுகதான்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். தண்ணீர்க் குழாயில் ஒரு கிழிசல், அவ்வளவுதான். கிழிந்த நுனியை அறுத்து, இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கிளப்பச் சொன்னாள். வண்டி பிடித்துக்கொண்டது. டிரைவர் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க எந்த ஊரு மெக்கானிக்கு?"

"காரைக்குடி" என்றாள். "ரயில்வே ரோட்டுல வந்து இன்ஜின் புஷ்பவள்ளின்னு கேளு, யாரும் சொல்லுவாக."

முழுப் பொய். அன்றைக்கு அப்படிக் கேட்டிருந்தால் ரயில்வே ரோட்டில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது சொல்கிறார்கள்.